நாலாயிரம் என்ற கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். கண்டி அரசன் செனரத் பற்றிய பாடம். பாடநூலோடு நிறுத்திக்கொள்ளாமல், நம்மூர்ப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒரு செய்தியை நானாகவே சேர்த்துச் சொன்னேன். 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டான். அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றினான் என்றேன். மீலாத் மேடைகளிலும் நினைவு மலர்களிலும் இதைக் கேட்டும் வாசித்தும் வளர்ந்தவன் நான். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

பின் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள்.

"சேர், அந்த நாலாயிரத்துக்குள்ள பொம்பிளைகளும் இருந்தாங்களா? இல்லாட்டி நம்மட உம்மாமாரெல்லாம் எங்க இருந்து வந்த?"

மணி அடித்துவிட்டது. அல்லது அடித்ததாக நான் நினைத்துக்கொண்டேன். பதில் தெரியாத ஆசிரியனுக்கு மணியைப் போல உற்ற தோழன் வேறு யாரும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. இத்தனை காலமும் அந்த எண்ணை நான் ஒரு முறையாவது நின்று பார்த்திருக்கிறேனா? நாலாயிரம் பேர் என்றால் யார் எண்ணியது, யாரை எண்ணியது, எதற்காக எண்ணியது? அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன். வரலாற்றறிஞன் என்ற உரிமை எனக்கு இல்லை. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வாவிக்கரைப் பள்ளிக்கூடங்களில் காலம் கழித்தவன் என்ற அளவில் மாத்திரம் எழுதுகிறேன்.

முதலில் அறிவிப்பாளர் வரிசை. ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தந்த பழக்கம் இது. செய்தி என்ன என்று கேட்பதற்கு முன் அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கேட்போம். ஆனால் மார்க்கச் செய்திக்குக் காட்டும் இந்தக் கண்டிப்பை நம் ஊர் வரலாற்றுக்கு நாம் காட்டுவதில்லை. நாலாயிரம் என்ற எண்ணின் வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அது ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. அவர் பெயர் பெர்னாவோ டி குவேறோஸ். போர்த்துக்கல்லில் 1617இல் பிறந்த இயேசு சபைத் துறவி. 1635இல் இந்தியாவுக்கு வந்தார். 1688இல் கோவாவில் இறந்தார். இலங்கையில் போர்த்துக்கேயர் நடத்திய உலகியல், ஆன்மிகக் கைப்பற்றல்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1687இல் முடிவுற்றது. அதில் ஓரிடத்தில் போகிற போக்கில் வரும் ஒரு சிறு குறிப்புத்தான் நம் நாலாயிரம்.

கணக்கைப் பாருங்கள். சம்பவம் நடந்த 1626இல் குவேறோஸ் ஒன்பது வயதுப் பையன். அப்போது அவர் இருந்தது போர்த்துக்கல்லில். எழுதி முடித்தது 61 ஆண்டுகள் கழித்து. இலங்கை மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. கோவாவில் இருந்தபடியே பழைய கடிதங்களையும், இலங்கையில் பணியாற்றித் திரும்பிய போர்வீரர்கள், துறவிகள் ஆகியோரின் நினைவுகளையும் கொண்டு எழுதினார். நூல் அவர் காலத்தில் அச்சேறவும் இல்லை. கையெழுத்துப் பிரதி கடல் கடந்து பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவரை போய்ச் சேர்ந்தது. 1916இல்தான் கொழும்பில் போர்த்துக்கேய மொழியிலேயே அச்சிடப்பட்டது. 1930இல் எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. அந்த ஆங்கிலப் பக்கத்திலிருந்துதான் நம் எழுத்தாளர்கள் எடுத்தார்கள். அவர்களிடமிருந்து மேடைப் பேச்சாளர்கள் எடுத்தார்கள். அவர்களிடமிருந்து நான் எடுத்தேன். என்னிடமிருந்து ஒன்பதாம் வகுப்பு எடுத்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய தம் கட்டுரையை றோயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டது 1888இல். சோனகர் இனத்தால் தமிழரே என்பது அவர் வாதம். அதற்கு ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் நூலாகவே மறுப்பு எழுதியது 1907இல். நம் சமூகத்தின் தோற்றம் பற்றிய மிகப் பெரிய சொற்போர் அது. ஆனால் அந்த இருவர் கையிலும் குவேறோஸின் நூல் இல்லை. அது அச்சேறவே இல்லை. இன்று நம் வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படும் எண், அந்த விவாதத்தின்போது ரியோவில் தூங்கிக்கொண்டிருந்தது. நாம் எங்கிருந்து வந்தோம் என்று பேசுவதற்கு நாலாயிரம் இல்லாமலும் முடிந்திருக்கிறது. 1915 கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதற்கு மறு ஆண்டு அந்த நூல் வெளிவந்தது தற்செயல்தான். ஆனாலும், இந்த நாட்டில் நமக்கு எவ்வளவு காலத்து வேர் என்ற கேள்வி சூடாக இருந்த நேரத்தில் அது வந்தது.

இனி அறிவிப்பாளரின் நோக்கம். குவேறோஸ் இலங்கையை இழந்த ஒரு பேரரசின் ஆள். கொழும்பு 1656இலும் யாழ்ப்பாணம் 1658இலும் ஒல்லாந்தர் வசம் போய்விட்டன. எதனால் இழந்தோம், மீண்டும் எப்படிப் பிடிக்கலாம் என்பதே அவர் நூலின் அடிநாதம். தன் பக்கத்தவர் செய்த பிழைகளை அவர் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். அந்த அடுக்கில்தான் முஸ்லிம்களின் வெளியேற்றமும் வருகிறது. கப்டன் ஜெனரல் கொன்ஸ்தந்தீனு டி சா மேலிடத்துக் கட்டளைப்படி முஸ்லிம்களை வெளியேற்றினார். கண்டி அரசன் அவர்களைத் தன் நாட்டுக்குள் ஏற்றான். மட்டக்களப்பில் மாத்திரம் நாலாயிரம் பேரைக் காவற்படையாக வைத்தான் என்பது செய்தியின் சாரம். பகைவனுக்குப் பலம் சேர்த்துவிட்டோமே என்ற ஆதங்கம் அதில் இருக்கிறது. ஆதங்கப்படுகிறவன் சொல்லும் எண் குறைவாக இருக்குமா, கூடுதலாக இருக்குமா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

எனக்கு உறைத்தது வேறொன்று. நாம் "குடியேற்றினான்" என்று சொல்லி வருகிறோம். மூலத்தில் இருப்பதோ காவற்படை. எண் அதேதான், வினைச்சொல்தான் மாறிவிட்டது. குடியேற்றம் என்றால் மனத்தில் வருவது மூட்டை முடிச்சோடு பெண்களும் குழந்தைகளுமாக வந்து இறங்கிய அகதிக் கூட்டம். காவற்படை என்றால் வருவது ஆயுதம் ஏந்தத்தக்க ஆண்கள். முதலாவதில் அரசன் கொடுப்பவன், நாம் பெறுபவர்கள். இரண்டாவதில் அரசனுக்கும் நம் தேவை இருந்தது. 1620களின் தொடக்கத்தில் திருகோணமலையில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிவிட்டார்கள். கண்டிக்கு வெளியுலகத்தோடு இருந்த கிழக்கு வாசல்களில் எஞ்சியது மட்டக்களப்புத்தான். 1602இல் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். அந்த வாசலைக் காக்கப் போர்த்துக்கேயரை மனமார வெறுக்கும் ஆட்கள் தேவைப்பட்டிருப்பார்கள். செனரத்தின் இரக்கத்தை நான் மறுக்கவில்லை. அரசனின் இரக்கத்துக்கும் அவன் கணக்குக்கும் பெரும்பாலும் ஒரே முகம்தான் இருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் காவற்படை என்பதையும் அப்படியே விழுங்க முடியவில்லை. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டுகிறார்கள். பின்னர் நெடுங்காலம் கச்சேரி இயங்கிய அதே கோட்டை. நாலாயிரம் காவலர் நிறுத்தப்பட்ட இடத்துக்கு இரண்டே ஆண்டில் எதிரி வந்து கல் அடுக்கிவிட்டுப் போகிறான் என்றால் அந்த நாலாயிரம் பேர் எங்கே? எண் மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம். அல்லது அந்தப் பேர்வழிகள் அதற்குள் வாளை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்திருக்கலாம். அல்லது "மட்டக்களப்பு" என்று குவேறோஸ் சொன்னது புளியந்தீவையே அல்லாமல் இருக்கலாம்.

எனக்கு மூன்றாவதில் சாய்வு அதிகம். மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை பிரிக்கப்பட்டது 1961இல். அதற்கு முந்திய மட்டக்களப்பு வெருகல் தொடக்கம் பொத்துவிலுக்கும் தெற்கே நீண்டு கிடந்த ஒரு தேசம். பழைய மட்டக்களப்பு என்பது சம்மாந்துறைப் பக்கமே என்றும், ஒல்லாந்தர் காலத்தில்தான் அந்தப் பெயர் புளியந்தீவுக்கு நிலைத்தது என்றும் ஒரு மரபு உண்டு. சம்மாந்துறை என்ற பெயரே சம்பான்கள் வந்த துறை என்பதால் வந்தது என்பார்கள். கோவாவில் இருந்து பார்த்தவருக்கு இவை எல்லாம் ஒரே பெயர்தான். ஆகவே அந்த நாலாயிரம் பேரைக் காத்தான்குடியில் நிறுத்துவதா, ஏறாவூரில் நிறுத்துவதா, நிந்தவூரில் நிறுத்துவதா என்று ஊருக்கு ஊர் இழுபறிப்படுவதில் பொருளில்லை. அப்படி இழுபறிப்பட்ட ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம்.

நாலாயிரம் ஓர் உருண்டை எண் என்பதையும் கவனிக்க வேண்டும். மூவாயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு என்று யாராவது எழுதியிருந்தால் அங்கே ஒரு பதிவேடு இருந்தது என்று பொருள். உருண்டை எண்ணுக்குப் பின்னால் பதிவேடு இருப்பது அரிது, கண்மதிப்பே இருக்கும். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடல் தலைவனிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதினார். அவர் நேரில் வந்தவர். இருந்தும் அவர் வரிசையில் நிறுத்தி எண்ணினார் என்று நாம் நினைப்பதில்லை. நம் காலத்துக்கே வருவோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எத்தனை பேர்? எழுபதாயிரம் என்பார்கள், எழுபத்தையாயிரம் என்பார்கள். கிராம சேவகர் இருந்தார், கூப்பன் அட்டை இருந்தது, வாக்காளர் இடாப்பு இருந்தது. இருந்தும் நம் கையில் இருப்பது உருண்டை எண்களே. மட்டக்களப்பு மாவட்டத்தில் 1981க்குப் பின் 2012 வரை முழுமையான குடிசன மதிப்பீடு ஒன்று நடக்க முடியவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். முப்பத்தொரு ஆண்டுகள் எண்ணப்படாமல் இருந்த நாம், நானூறு ஆண்டுக்கு முந்திய எண்ணைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறோம்.

அப்படியானால் இந்த எண்ணைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். மதீனாவில் இஸ்லாத்தை ஏற்றோரின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியைப் பலரும் அறிந்திருப்பீர்கள். புகாரியில் உள்ள ஓர் அறிவிப்பில் 1500 பேர் என்று வருகிறது. முஸ்லிமில் 600க்கும் 700க்கும் இடையில் என்று வருகிறது. விரிவுரை எழுதிய இமாம்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசவில்லை. ஒன்றில் யாரெல்லாம் எண்ணப்பட்டார்கள், மற்றதில் யாரெல்லாம் எண்ணப்பட்டார்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் மாத்திரமா, பெண்களும் பிள்ளைகளும் சேர்த்தா, நகரத்தவர் மட்டுமா, சுற்றுப்புறத்தவருமா என்று பிரித்துப் பார்த்தார்கள். எண் ஒரு பெட்டி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தார்கள். அவர்கள் காட்டிய வழியில் நானும் திறக்க முயன்றேன். கணிதப் பாடத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் 4000 என்று எழுதினேன். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்று வைத்துக்கொள்வோம் என்றேன். நாளுக்கு 2000 கிலோ; ஆண்டுக்கு 7,30,000 கிலோ. அரிசியை நெல்லாக்கினால் ஏறத்தாழ 11 இலட்சம் கிலோ. உரமும் புதிய விதையினமும் இல்லாத காலம், ஏக்கருக்கு 500 கிலோ விளைந்தது என்று தாராளமாகவே எடுத்தோம். 2200 ஏக்கர் வந்தது. நாலாயிரம் என்பது குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கையாக இருந்து, குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் 11,000 ஏக்கர். விதைநெல்லை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இவை என் கற்பனை அளவுகள்; ஆதாரமாக யாரும் எடுத்தாள வேண்டாம். ஆனால் வகுப்பில் இருந்த வயற்காரப் பிள்ளைகளுக்கு ஏக்கர் என்றால் என்னவென்று தெரியும். ஒருவன் சொன்னான்: "சேர், வந்த வருசமே விளைஞ்சிராதே. காடு வெட்டணும், வரம்பு கட்டணும், மாடு வேணும். முதல் வருசம் ஆர்ர நெல்லத் திண்ட?"

யாருடைய நெல்லைத் தின்றார்கள்? இந்த ஒரு கேள்வியில் நாலாயிரத்தின் கீழே கிடந்த இன்னோர் அடுக்கு மேலே வந்தது. அந்த எண்ணைச் சொல்லும்போதெல்லாம் வந்தவர்களையே பார்த்து வந்திருக்கிறோம். வந்தவர்களுக்கு முதற் போகம் வரைக்கும் சோறு போட்ட ஒரு மக்கள் கூட்டம் அதே எண்ணுக்குள் இருக்கிறது. குவேறோஸ் அவர்களை எண்ணவில்லை. அவருக்கு அவர்கள் தேவைப்படவில்லை. முக்குவர் தலைவர்களின் கீழ்ப் பற்றுப் பற்றாகப் பிரிந்து கிடந்த வயல்வெளி இது. ஒல்லாந்தரின் மட்டக்களப்பு அதிகாரி யாக்கோப் பர்னாண்ட் 1794இல் தனக்குப் பின் வருபவருக்காக எழுதி வைத்த நினைவுக் குறிப்பிலும் இந்தப் பற்றுகளும் முக்குவத் தலைமையும் வருகின்றன. இத்தகைய இடத்தில் ஓர் அரசன் ஓலை எழுதிவிட்டால் மட்டும் நாலாயிரம் அந்நியர் தங்கிவிட முடியாது. நாலாயிரத்தில் பாதியாக இருந்தாலும் முடியாது. போடிமார் இடம் விட்டிருக்க வேண்டும். வந்தவர்களை அறிந்த, அவர்களுக்காகப் பேசக்கூடிய சிலர் இங்கே முன்பே இருந்திருக்க வேண்டும். துறைமுகமும் நெல்லும் பாக்கும் உள்ள ஒரு கரைக்கு, மேற்குக் கரையெங்கும் வியாபாரம் செய்த முஸ்லிம்கள் 1626 வரைக்கும் வராமல் இருந்தார்கள் என்று நம்புவது கடினம். குவேறோஸின் எண் அவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த எண்ணுக்குப் பொருளும் இல்லை.

இதே கதையை நம் ஊர் மரபு வேறு மாதிரி வைத்திருக்கிறது. முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த போர். முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியர். திமிலர் வடக்கே வெருகல் வரை துரத்தப்பட்டது. சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி என்று ஊர்ப்பெயர்களை வழி நெடுக நட்டுக்கொண்டு போகும் கதை அது. திமிலர் திரும்பி வந்து ஏறாதபடி எல்லையில் முஸ்லிம்களை இருத்தியதால் ஏறாவூர் என்றும், உதவிக்குக் கைம்மாறாக அவர்களுக்கு முக்குவப் பெண்கள் மணம் செய்து கொடுக்கப்பட்டார்கள் என்றும் சொல்வார்கள். 1921இல் எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி எழுதிய நூலிலும் இத்தகைய மரபுகள் இடம்பெற்றன. ஊர்ப்பெயர் விளக்கங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பெயர் முதலில் இருக்கும், கதை பிறகு வந்து அதில் குந்திக்கொள்ளும். ஆனால் கோவாவில் எழுதிய துறவிக்கும் ஏறாவூர்க் கிழவருக்கும் தொடர்பே இல்லை. இருவரும் சொல்லும் கதைகளின் ஆண்டும் அரசனும் பகைவனும் வேறு வேறு. அப்படியிருந்தும் இரண்டிலும் முஸ்லிம்கள் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஆண்களாக வருகிறார்கள். கிழவரின் கதையில் கூடுதலாக ஒன்று இருக்கிறது: பெண்கள்.

பின் வாங்குப் பிள்ளையின் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் இருக்கும் குடி முறையை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்கு உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்கார். பக்கத்துத் தமிழ் ஊர்க் கோயில்களில் இதே இடத்தில் வண்ணக்கர் இருப்பார். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போவார். கொழும்பு, காலி முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போகும் வழக்கம் உண்டு; காயல்பட்டினம், கீழக்கரையிலும் உண்டு; வடமலபார் மாப்பிளாக்களிடம் தாய்வழிக் குடும்பமே உண்டு. ஆகவே தாய்வழி என்றாலே முக்குவரிடமிருந்து வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் பெயர் வைத்த தாய்க் குடிகள், அவற்றுக்குத் தலைவர்கள், அந்தத் தலைவர்களுக்கு வணக்கத்தலத்தில் உரிமை என்ற இந்த முழு ஏற்பாடு இங்கேதான், நம் அயலவரிடமும் நம்மிடமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். முக்குவரின் சொத்துரிமை வழக்கத்தைப் பற்றி கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இலேயே ஒரு நூல் எழுதினார்.

மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்டவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, தங்களுக்குள்ளேயே மணம் முடித்துக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் கரையின் வழக்கங்களோடுதான் இருந்திருப்பார்கள். இந்தக் கரையின் குடிகள் அவர்களிடம் இப்படி வேரோடியிருக்க வழியில்லை. ஆகவே இங்கே முன்பே இருந்த தாய்மாரின் வீடுகளுக்குள்தான் அந்த ஆண்கள் நுழைந்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரில் முக்குவப் பெண்கள் எத்தனை பேர், ஏற்கெனவே இங்கிருந்த முஸ்லிம் பெண்கள் எத்தனை பேர் என்று பிரிக்க எந்தத் துறவியும் எண்ணிக்கை தரவில்லை. நான் இதை ஊகம் என்றே சொல்கிறேன். ஆனால் நாலாயிரத்தை நம்மவரின் தொடக்கம் என்று சொல்வதைவிட இந்த ஊகத்துக்கு ஆதாரம் கூடுதல். வீட்டுக்கு வீடு கிடக்கிறது.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். படுவான்கரை வயல்களுக்கு யுத்த காலத்தில் போக முடியாமல், உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வாவிக்கு இக்கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். காணிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த எண்ணும் கூடவே எழும்பும். "நீங்கள் 1626இல் வந்தவர்கள்தானே, ஒரு சிங்கள அரசன் கொண்டுவந்து விட்டவர்கள்தானே" என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் சொல்வார். "ஆம், அரசனே தந்த காணி" என்று நம் பக்கத்தில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்துவார். இருவரும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். அந்த எண்ணை எழுதியவர் இருவருக்கும் நண்பர் இல்லை. நம்மைக் காணியோடும் அயலோடும் கட்டியது அரசனின் ஓலையா, தாய்மாரின் வீடா என்று கேட்டால், எங்கள் இரு பகுதியாருக்கும் அந்தத் தாய்மார் பொதுவாக வந்துவிடுகிறார்கள். அது யாருக்கு உவப்பு, யாருக்குக் கசப்பு என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட முடியவில்லை.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன். ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் தங்கள் குடியை எழுதிக்கொண்டு வரவேண்டும். தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். எங்கள் காலத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். இப்போது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மறுநாள் எழுதி வந்தவர்கள் எல்லோரும் உம்மாவின் குடியையே எழுதியிருந்தார்கள். வாப்பாவின் குடி என்னவென்று கேட்டேன். இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அந்தப் பிள்ளை தன் கடதாசியில் குடிப் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதியிருந்தாள். நாலாயிரம் பேர் வந்த கதையை அவள் தன் மூத்தம்மாவுக்குச் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு அந்தக் கிழவி சொன்னதை அப்படியே எழுதி வந்திருந்தாள்.

"நாங்க எங்க இருந்தும் வரல்ல மகள். வந்ததெல்லாம் உன்ட மூத்தவாப்பாமார்தான்."

அவரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். நோன்பு முடியட்டும் என்று காத்திருக்கிறேன்.